சூடேறிய பின் கிளம்ப மறுக்கும் டீஸல் எஞ்சின்

காலையில் ஒரே திருப்பில் கிளம்பி, நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பதினைந்து இருபது கிலோமீட்டர் தடையின்றி ஓடி, சேரவேண்டிய இடத்தில் நிறுத்திய கால் மணி நேரத்திற்குப் பின் எவ்வளவு முயன்றாலும் கிளம்ப மறுக்கும் லாரிகளும் டிராக்டர்களும் நம் கிராமங்களில் அநேகம் உண்டு. மாலையில் எஞ்சின் ஆறிய பின் அதே வண்டி ஒன்றும் அறியாததுபோலக் கிளம்பிவிடுகிறது. இத்தகைய வண்டியை உடையவர்கள் சாதாரணமாக இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். சிலர் இதனை வண்டியின் சுபாவமென்று ஏற்றுக்கொண்டு, எங்கு நின்றாலும் எஞ்சினை ஓடவிட்டே வைத்து டீஸலைப் புகையாக்குகிறார்கள். அல்லது மேட்டில் நிறுத்தி இறக்கத்தில் தள்ளிக் கிளப்புகிறார்கள். மற்றவர்கள் பட்டறைக்குக் கொண்டுபோய், ‘போர் வேலை’ செய்தாக வேண்டுமென்று சொல்லப்பட்டதை நம்பி லைனர், பிஸ்டன், ரிங் ஆகிய யாவற்றையும் மாற்றிவிடுகிறார்கள். முன்னது வீண் செலவு. பின்னது அதனினும் பன்மடங்கு பெரிய வீண் செலவு என்பது என் அபிப்பிராயம்.

இதைப் பிறர்மேல் குறையாகச் சொல்லவில்லை. அந்த இரண்டாவது தவற்றைச் செய்தவன் நானே. சில ஆண்டுகளுக்கு முன் குறுவை அறுவடையின்போது எனது பழைய சிறு லாரி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் இவ்விதம் நின்றுபோயிற்று. மூட்டை தூக்குவோர் எண்மர் சேர்ந்து தள்ளியும் பயனில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரர்கள் சொன்ன சொற்களை இங்கு எழுத முடியாது. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது, தார்ப்பாய் போதவில்லை, நெல்லில் ஒரு பகுதி நனைந்தது. கொள்முதலுக்குரிய பொதுவான ஈர வரம்பு 17 சதவீதம். மறுநாள் என் நெல் அவ்வரம்பைத் தாண்டியிருந்தபடியால், களத்தில் மீண்டும் உலர்த்தி எடுத்துக்கொண்டு வரும்படி ஆயிற்று. வண்டியைப் பட்டறையில் விட்டேன். ‘கம்ப்ரஷன் போய்விட்டது’ என்றார்கள். மூன்று வாரம் கழித்து, ஒரு போகத்து ஆதாயத்தை விழுங்கிய கணக்குச் சீட்டுடன் வண்டி திரும்பி வந்தது. முதல் நாள் நடையிலேயே, சூடேறி நின்ற இடத்தில் பழையபடி நின்றது.

அந்தக் கணக்குச் சீட்டை வாங்குமுன் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கம்ப்ரஷன் போன எஞ்சின் குளிர்ந்த காலையில் கிளம்பச் சிரமப்பட வேண்டுமா, அல்லது சூடான மதியத்தில் சிரமப்பட வேண்டுமா?

டீஸல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப்போல் தீப்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்று பதினாறில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரையில் நெருக்கப்படுவதால் அதன் உஷ்ணம் 500 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் ஏறுகிறது. அத்தருணத்தில் பம்ப் தள்ளும் டீஸல் நாஸில் வழியாகப் பனிபோல் பீய்ச்சப்பட்டுத் தானே பற்றிக்கொள்கிறது. ரிங்குகளும் வால்வுகளும் தேய்ந்து காற்றுக் கசிந்தால் அந்த உஷ்ணம் உண்டாவதில்லை. குளிர்ந்த எஞ்சினிலோ, உள்ள உஷ்ணத்தையும் சிலிண்டரின் சுவர்கள் உறிஞ்சிவிடுகின்றன. ஆகையால் கம்ப்ரஷன் குறைந்த எஞ்சின் மார்கழிக் காலையில் தகராறு செய்யும். ஒருமுறை சூடாகிவிட்டால் எளிதில் கிளம்பும். நம் நோயோ இதற்கு நேர் எதிரானது. காலையில் சுகமாயும் சூட்டில் சங்கடமாயும் இருக்கும் எஞ்சினுக்குப் போர் வேலை செய்வது, வயிற்று வலிக்காரனுக்குப் பல் பிடுங்குவதை ஒக்கும்.

அப்படியானால் சூட்டில் கெடுவது எது? பெரும்பாலும் இரண்டே இடங்கள்: ஒன்று, எஞ்சினைச் சுழற்றும் செல்ப் மோட்டாரும் அதைச் சார்ந்த மின் இணைப்புகளும், மற்றொன்று, டீஸல் பம்பும் அதற்கு டீஸல் வந்து சேரும் வழியும். இவ்விரண்டில் எதுவென்பதைக் காதாலேயே அறியலாம். சாவியைத் திருப்பும்போது எஞ்சின் காலையில் சுழலும் அதே வேகத்தில் சுழல்கிறதா, அல்லது முனகிக்கொண்டு மெதுவாகச் சுழல்கிறதா என்று கவனியுங்கள். இதை ஓட்டுபவரிடம் முதலில் கேளாத மெக்கானிக்கிடம் வண்டியை விடாமலிருப்பது நலம்.

மெதுவாகச் சுழன்றால் பம்பைத் தொடவேண்டியதில்லை. செம்புக் கம்பி 50 டிகிரி அதிகம் சூடானால் மின்சாரத்தை எதிர்க்கும் அதன் தன்மை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. புகைக்குழாய்க்கு அருகிலேயே செல்ப் மோட்டார் அமைந்த வண்டிகளில் இச்சூடு சாதாரணம். நல்ல நிலையிலுள்ள மோட்டாரும் கேபிளும் இதைத் தாங்கிக்கொள்ளும். தேய்ந்த புஷ்ஷும், பாசிபிடித்த பேட்டரி முனையும், துருவேறிய எர்த் பட்டையும் தாங்கா. பட்டறைகளில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது இந்த எர்த் பட்டையே. வோல்ட்மீட்டரின் ஒரு கம்பியை எஞ்சின் உடம்பிலும் மற்றொன்றைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்துச் செல்பைச் சுழற்றினால், அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே பார்க்கும்போது 12 வோல்ட் பேட்டரி ஒன்பதரைக்குக் கீழ் இறங்கினால் குறை பேட்டரியில் என்று கொள்ளலாம். இவை சரியாயிருந்தும் சூட்டில் மட்டும் சுழற்சி இறுகினால் செல்ப் மோட்டாரைக் கழற்றிப் பார்ப்பதே முறை. ஒருமுறை தண்ணீரின்றி ஓடிக் கொதித்த எஞ்சினில் பிஸ்டனே இறுகுவதும் உண்டு. அது வேறு கதை.

வேகமாகச் சுழன்றும் பற்றவில்லையானால் புகைக்குழாயைப் பாருங்கள். வெண்புகை வந்தால் டீஸல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று பொருள். புகையே இல்லையானால் டீஸல் போகவில்லை. சூட்டில் நிற்கும் வண்டிகளில் நான் பெரும்பாலும் கண்டது இந்தப் புகையில்லாத நிலையே. இதன் காரணத்தை விளங்கிக்கொள்ளப் பம்பைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

ருடால்ப் டீஸல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய முதல் எஞ்சின், எண்ணெயை அழுத்தக் காற்றின் உதவியால் ஊதிச் செலுத்தியது. அதற்கு வேண்டிய காற்றமுக்கியின் பாரத்தால் அது லாரிக்கு உதவவில்லை. பாஷ் கம்பெனி 1927-ல் தொகுதியாகச் செய்யத் தொடங்கிய பம்பே டீஸலை நெடுஞ்சாலைக்குக் கொண்டுவந்தது. அதில் சிலிண்டர் ஒன்றுக்கு ஒரு பிளஞ்சர் வீதம் வரிசையாக நிற்கும். பின்னர் அமெரிக்காவில் வெர்னன் ரூஸா என்பவர் அமைத்து 1952-ல் விற்பனைக்கு வந்த சுழலும் வகையில், ஒரே ஜோடிப் பிளஞ்சர்கள் எல்லாச் சிலிண்டர்களுக்கும் முறைவைத்து டீஸல் பங்கிடுகின்றன. சிறியதும் மலிவானதுமாகிய இந்த ரோட்டரி பம்ப் சிறு லாரிகளிலும் டிராக்டர்களிலும் ஏராளமாகப் பரவிற்று. வரிசைப் பம்பில் ஒரு பிளஞ்சர் தேய்ந்தால் ஒரு சிலிண்டர்தான் தவறும். எஞ்சின் நொண்டிக்கொண்டாவது கிளம்பும். ரோட்டரி பம்பிலோ ஹெட்டும் ரோட்டரும் தேய்ந்தால் எல்லாச் சிலிண்டர்களுக்கும் ஒருங்கே பட்டினிதான்.

ஹெட்டுக்கும் அதற்குள் சுழலும் ரோட்டருக்கும் இடையே விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் அதில் ஓரிரு பங்கே. ரப்பரோ வாஷரோ அங்கில்லை. டீஸலின் கொழகொழப்பே அவ்விடைவெளியை அடைக்கிறது. நம் நாட்டுத் தர நிர்ணயத்தின்படி டீஸலின் கொழகொழப்பு 40 டிகிரியில் 2 முதல் 4½ சென்டிஸ்டோக் வரையில் இருக்கவேண்டும். பம்பின் உடம்பு எண்பது டிகிரியை எட்டும்போது அது ஏறக்குறையப் பாதியாக இளகிவிடுகிறது. உறைந்த நெய்க்கும் உருக்கிய நெய்க்கும் உள்ள வித்தியாசத்தை அடுக்களையில் கண்டவர்களுக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. புதிய பம்பில் இளகிய டீஸலும் கசிய வழியில்லை. தேய்ந்த பம்பில் நாஸிலைத் திறக்கவேண்டிய அழுத்தம் உண்டாகுமுன்னரே அது பக்கவாட்டில் நழுவிவிடுகிறது.

‘அப்படியானால் சூடான வண்டி சாலையில் எப்படி நன்றாக ஓடுகிறது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எஞ்சின் நிமிஷத்திற்கு 1,500 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு தள்ளலும் கண்ணிமைக்குமுன் முடிந்துவிடுவதால் கசிவதற்கு அவகாசமில்லை. செல்ப் சுழற்றும்போதோ நிமிஷத்திற்கு 150 அல்லது 200 சுற்றுத்தான். பம்ப் அதிலும் பாதி. அந்த மந்த வேகத்தில் கசிவு ஜயித்துவிடுகிறது. மேலும், ஓடும்போது டாங்கியிலிருந்து வரும் டீஸல் பம்பினூடே சென்று அதைக் குளிர்வித்துக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் அந்த ஓட்டம் நின்று, எஞ்சினின் சூடு முழுவதும் மெல்ல மெல்லப் பம்புக்குள் இறங்குகிறது. நிறுத்திய உடனே திருப்பினால் கிளம்பும் வண்டி, ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் மறுப்பதன் இரகசியம் இதுவே.

ஆனாலும் புகையில்லை என்றவுடன் பம்பைக் கழற்றிவிடலாகாது. முதலில் சாவியைப் போட்டு, பம்பின்மேலுள்ள சோலனாய்டு ‘டக்’ என்று ஒலிக்கிறதா என்று கேளுங்கள். அதன் சுருள் சூட்டில் அறுந்து குளிரில் ஒட்டிக்கொள்வதுண்டு; அப்போது டீஸல் வாசலிலேயே அடைபட்டு நிற்கும். பேட்டரியிலிருந்து தனிக் கம்பி கொடுத்துப் பார்த்தால் சோலனாய்டா, அதற்கு வரும் கம்பியா என்று தெரிந்துவிடும். ஸ்டாப் கேபிள் உள்ள வண்டிகளில் கேபிள் முழுதும் திரும்பிற்றா என்று பார்த்தால் போதும். பிறகு கை பம்பை அடியுங்கள். இருபது முப்பது அடித்த பின் கிளம்பினால் வழியில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது டீஸல் டாங்கிக்கே திரும்பி வடிந்துவிடுகிறது. சூட்டில் இளகும் பழைய ரப்பர்க் குழாயும், நசுங்கிய செம்பு வாஷரும், அடைத்துக்கொண்ட பில்டரும் இதற்குக் காரணமாகும். இவற்றை மாற்ற ஆகும் செலவு மிகச் சொற்பம்.

பழைய வகை எஞ்சினில் நாஸிலுக்குச் செல்லும் குழாயின் நட்டை அரைச் சுற்றுத் தளர்த்தி, துணியால் மூடிக்கொண்டு, வேறொருவரைச் செல்ப் போடச் சொன்னால் டீஸல் துடித்துத் துடித்து வெளிவருவது தெரியும். அங்கே விரலை மாத்திரம் வைக்கவேண்டாம். அழுத்தத்தில் பீறிடும் டீஸல் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே செல்லும். காயம் அற்பமாய்த் தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லாவிடில் விரலையே இழக்க நேரும்.

இவையெல்லாம் பார்த்த பின் செய்யவேண்டிய பரீக்ஷைக்கு ஒரு சாக்கும் ஒரு குடம் தண்ணீரும் தவிர வேறொன்றும் வேண்டாம். சூட்டில் நின்றுவிட்ட வண்டியில் பம்பின்மேல் மட்டும் நனைத்த சாக்கைச் சுற்றி, அவ்வப்போது நீர் தெளித்துப் பத்து நிமிஷம் விடுங்கள். எஞ்சினின் மற்றப் பாகங்கள் சூடாகவே இருக்கட்டும். இப்போது செல்ப் போட்டதும் கிளம்பினால், பம்பின் உட்பாகம் தேய்ந்ததென்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லலாம். சிலர் பொறுமையின்றிச் செல்ப் போட்டுக்கொண்டே குடத்து நீரைப் பம்பின்மேல் கவிழ்க்கிறார்கள். வெளிக்கூடு திடீரென்று சுருங்கி, உள்ளே சுழலும் ரோட்டர் கவ்விக்கொள்ளக்கூடும். அப்போது பழுது பார்க்கவேண்டிய பம்ப் தூக்கி எறியவேண்டிய பம்பாகிவிடும். சூடான எஞ்சின் தலையின்மேல் தண்ணீர் பட்டால் அது வெடித்துக் கீறலுறும் என்பதும் நினைவிலிருக்கட்டும். என் லாரிக்கு இந்தச் சாக்குப் பரீக்ஷையைச் செய்து காட்டியவர் பம்ப் வேலையில் தலை நரைத்த ஒரு பெரியவர். இரண்டாம் திருப்பில் வண்டி கிளம்பிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் கையில் வைத்திருந்த போர் வேலைக் கணக்கைப் பார்த்துவிட்டுச் சாக்கைப் பிழிந்து காயப்போட்டார்.

கம்ப்ரஷன் ஒருநாளும் சூட்டில் குறையாது என்று நான் சாதிப்பதாக எண்ணவேண்டாம். வால்வு இடைவெளியை மிக இறுக்கமாக வைத்துவிட்டால், சூட்டில் வால்வுத் தண்டு நீண்டு வால்வு முழுதும் மூடாமல் நிற்கும். அப்போது சூட்டில்தான் காற்றுக் கசியும். புகையும் வெண்மையாக வரும். ஆனால் இதற்கு மருந்து ஒரு பீலர் கேஜும் அரைமணி நேர வேலையுமே, போர் வேலையன்று.

நின்றுபோன வண்டியைச் சுற்றிக் கூடுவோர் சொல்லும் யோசனைகளில் சில, நோயைவிடக் கொடியவை. காற்று இழுக்கும் வாயில் ஈதர் தெளிப்பது அவற்றுள் ஒன்று. ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அது காலத்திற்கு முன்னே வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும். செல்பை ஒரே மூச்சில் அரை நிமிஷம் போடுவது மற்றொன்று. பத்துப் பதினைந்து விநாடிக்கு மேல் போடலாகாது. அடுத்த முறைக்குமுன் ஒன்றிரண்டு நிமிஷம் ஆறவிடவேண்டும். டீஸலில் எஞ்சின் ஆயில் கலந்தால் சூட்டிலும் கிளம்புகிறதென்று சிலர் கண்டுபிடித்து மகிழ்கிறார்கள். உண்மைதான், கெட்டியான எண்ணெய் கசியவில்லை. பம்ப் தேய்ந்திருக்கிறதென்பதற்கு அது இன்னொரு சாட்சியே தவிரச் சிகிச்சையாகாது.

புது வண்டி வைத்திருப்போர் ஒன்றைத் தனியாகக் கவனிக்கவேண்டும். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிப்படி வரும் டீஸல் லாரிகளில் ‘காமன் ரெயில்’ முறையே உள்ளது. அதற்கு முந்திய வண்டிகளிலும் பலவற்றில் உண்டு. அவற்றில் குழாய்க்குள் ஆயிரம் பாருக்கும் மேற்பட்ட அழுத்தம் நிற்குமாதலால், மேலே சொன்ன நட்டுத் தளர்த்தும் சோதனையை அவற்றில் ஒருபோதும் செய்யலாகாது. சூட்டில் கிளம்பாத குறை அவற்றிலும் வரும். அங்கே தேய்வது பெரும்பாலும் இன்ஜெக்டர். திரும்பு குழாய்களில் சிறு புட்டிகளைக் கட்டி எது அதிகமாக வடிக்கிறதென்று பார்த்தால் குற்றவாளி அகப்படுவான். சூட்டில் செயலிழக்கும் சுழற்சி உணர்வியும் ஒரு காரணம். இவையிரண்டையும் தக்க கருவியுள்ள பட்டறையிலேயே பார்க்கவேண்டும்.

பம்பே காரணமென்று தெரிந்து டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்புவோருக்கு ஒரு வார்த்தை. பெஞ்சில் பம்பை எஞ்சின் ஓடும் வேகத்தில் மட்டும் சுழற்றிப் பார்த்து, ‘இதில் குறையில்லை’ என்று திருப்பித் தந்துவிடுவது நடக்கிறது. அந்த வேகத்தில் குறை தெரியாது என்பதை மேலேயே கண்டோம். போதாததற்கு, பெஞ்சு எண்ணெயும் 40 டிகிரி அளவிலேயே வைக்கப்படுகிறது. நிமிஷத்திற்கு நூறு சுற்று என்னும் கிளப்பும் வேகத்தில் எவ்வளவு தள்ளுகிறது என்று கேட்டு, அந்த எண்ணைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கூட்டுறவுச் சங்கங்களின் டிராக்டர்களுக்குப் பொறுப்பாயுள்ள காரியதரிசிகள் ஒரு படி மேலே போய், இந்தப் பெஞ்சுச் சீட்டு இல்லாமல் எந்தப் போர் வேலைக்கும் பணம் அனுமதிப்பதில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ‘காலையில் கிளம்புகிறதா, சூட்டில் கிளம்புகிறதா, வேகமாய்ச் சுழல்கிறதா, புகை உண்டா’ என்னும் நான்கு கேள்விகளுக்கு ஓட்டுநரின் விடையை வண்டிக் குறிப்பேட்டில் எழுதி வைப்பதற்குச் சங்கத்திற்குக் காலணாவும் செலவில்லை. மெக்கானிக்குகள் இதனால் வருத்தமடைவார்கள் என்று நான் நினைக்கவில்லை. காரணம் தெரியாமல் பிரிக்கும் அவஸ்தை அவர்களுக்குந்தான் உண்டு.

பம்பைக் கழற்றுமுன் அதன் விளிம்பிலும் எஞ்சினிலும் ஒரே கோடாக உளியால் குறியிடவேண்டும். குறியின்றிக் கழற்றிப் பூட்டினால் டீஸல் பாயும் நேரம் மாறி, ஒரு நோய் போய் வேறொன்று வரும்.

என் பம்பைப் பிரித்தபோது ரோட்டரின்மேல் நகத்தால் தடவினால் தட்டுப்படும் கோடுகள் இருந்தன. பளபளப்பாக இருக்கவேண்டிய இடத்தில் பழுப்புப் புள்ளிகளும் இருந்தன. ‘தண்ணீர்’ என்றார் பெரியவர். நான் மறுத்தேன். பில்டர்களை ஒழுங்காக மாற்றுகிறவன் நான். விலை மலிவென்று மண்ணெண்ணெய் கலந்த டீஸலை ஒருநாளும் வாங்கியதில்லை. வீட்டுக்கு வந்ததும், அறுவடைக் காலத்திற்கென்று மாட்டுக் கொட்டகையின் தாழ்வாரத்தில் நிறுத்திவைத்திருந்த டீஸல் பீப்பாயை ஞாபகம் வந்து பார்த்தேன். மழை பெய்தால் கூரை நீர் சொட்டும் இடத்திற்கு நேர் கீழே, மூடியை மேலாக வைத்து அது நின்றுகொண்டிருந்தது. சாய்த்து அடியிலிருந்து வடித்ததில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் வந்தது.